காற்றைக் கட்டிய மிருக வைத்தியர்

பழைய டயரைக் கழற்றியாகிவிட்டது. புது டயர் போட்டாகிவிட்டது. காற்றும் அடித்தாகிவிட்டது. சக்கரத்தை மாட்டி, நட்டை முறுக்கி, சைக்கிளைத் தள்ளினால்...

சர்... சர்... சர்...

பிரேக் கட்டை சக்கரத்தில் உரசுகிறது!

மிதித்தால் கால் வலிக்கிறது. வண்டி முன்னே போகவே மனமில்லாததுபோல் இழுக்கிறது. சைக்கிள் உள்ள வீடுகளில் இந்தச் சத்தம் கேட்காத வீடு அபூர்வம்.

இந்த உரசல் நேற்று வந்தது அல்ல. காற்று அடைத்த டயர் பிறந்தபோதே இந்தத் தொல்லையும் கூடப் பிறந்துவிட்டது. ஒரு தகப்பனார் தம் மகனுக்காக அந்த டயரைச் செய்தார். அருமையாக ஓடியது. ஆனால், அந்தக் காலத்துச் சைக்கிள்களில் அதை மாட்டப் போனால், பருத்த டயருக்கு இடமே இல்லை! டயருக்காகச் சைக்கிளையே மாற்றிக் கட்ட வேண்டியதாயிற்று.

அந்தத் தகப்பனார் இன்ஜினீயர் அல்ல. சைக்கிள் வியாபாரியும் அல்ல. குதிரைக்கும் மாட்டுக்கும் வைத்தியம் பார்த்து வந்தவர்.

அவர் பெயர் ஜான் பாய்டு டன்லப்.

குறைமாதக் குழந்தை

ஸ்காட்லாந்து நாட்டில் அயர்ஷைர் என்பது ஒரு மாவட்டம். அங்கே டிரெக்ஹார்ன் என்று ஒரு சிற்றூர். அந்த ஊரில், 1840-ம் ஆண்டு பிப்ரவரி 5-ந் தேதி, ஒரு குடியானவக் குடும்பத்தில் டன்லப் பிறந்தார்.

இரண்டு மாதம் முன்னதாகவே பிறந்துவிட்ட பிள்ளை என்று வீட்டில் சொல்லிச் சொல்லி வளர்த்தார்கள். அதனால், தம் உடம்பில் வலு இல்லை என்ற எண்ணம் சிறு வயதிலேயே அவர் மனதில் பதிந்துவிட்டது. கடைசி வரை அது மாறவில்லை. ஓடி ஆடி அலட்டிக்கொள்ளாமல், உடம்பைப் பேணி, அளந்து அளந்து வாழ்ந்தார். இப்படிப் பயந்தவர் 81 வயது வரை இருந்தார் என்பது வேடிக்கைதான்!

எடின்பரோ நகரில் மிருக வைத்தியம் படித்தார். 19 வயதில் தேர்ச்சி பெற்றுவிட்டார். சொந்த நாட்டில் பத்து ஆண்டுகளுக்குச் சற்றுக் குறைவாகத் தொழில் செய்தார். பிறகு, 1867-ல் கடல் தாண்டி அயர்லாந்துக்குப் போனார். டவுன்பாட்ரிக் என்ற ஊரில் சகோதரர் ஜேம்சுடன் சேர்ந்து வைத்தியசாலை நடத்தினார். 1871-ல் மார்கரெட் ஸ்டீவன்சன் என்ற பெண்ணை மணந்துகொண்டார். ஒரு மகள், ஒரு மகன் பிறந்தார்கள்.

பின்னர் பெல்பாஸ்ட் நகரத்துக்குக் குடிபெயர்ந்தார். அது துறைமுகப் பட்டணம். மோட்டார் இல்லாத காலம். சரக்கு இழுப்பது குதிரை, டிராம் இழுப்பதும் குதிரை. குதிரைக்கு நோய் வந்தால் பிழைப்பே நின்றுவிடும். ஆகவே, மிருக வைத்தியருக்கு ஓயாத வேலை. மே தெருவில் இருந்த டன்லப்பின் வைத்தியசாலை, அயர்லாந்திலேயே மிகப் பெரிய வைத்தியசாலைகளில் ஒன்றாக வளர்ந்தது.

கை நிறைய வருமானம். ஊரில் நல்ல பெயர். நீண்ட தாடி. சாந்தமான சுபாவம். நாற்பத்தேழு வயது. இனி இவர் வாழ்க்கையில் புதிதாக ஒன்றும் நடக்கப் போவதில்லை என்றே யாரும் நினைத்திருப்பார்கள்.

அப்போதுதான் மகன் ஜானி மூன்று சக்கரச் சைக்கிளோடு வந்து நின்றான்.

கல் பாவிய தெரு

பெல்பாஸ்ட் தெருக்களில் கருங்கல் பாவியிருந்தார்கள். ஒவ்வொரு கல்லுக்கும் நடுவே ஓர் இடுக்கு. அந்தக் காலத்துச் சைக்கிள் சக்கரத்தில் இருந்தது கெட்டி ரப்பர். உள்ளே காற்று கிடையாது. கல்லின் மேல் ஏறி இறங்கும்போதெல்லாம் உடம்பு குலுங்கும், முதுகு வலிக்கும், பல் கிடுகிடுக்கும்.

பையன் முறையிட்டான். தகப்பனார் யோசித்தார்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். கெட்டிச் சக்கரம் ஒரு கல்லின் மேல் ஏறும்போது, சக்கரத்தோடு வண்டியும் வண்டியில் இருப்பவரும் சேர்ந்து மேலே எழும்ப வேண்டும். மிதிப்பவரின் பலத்தில் ஒரு பகுதி இப்படி ஏறி இறங்குவதிலேயே வீணாகிவிடும். சக்கரத்தின் விளிம்பு மெத்தென்று இருந்தால்? கல்லை அது உள்ளே வாங்கிக்கொள்ளும். வண்டி எழும்பாமல் நேரே போகும். டன்லப்பின் யோசனை இந்த வழியில்தான் போயிற்று.

ரப்பர் அவருக்குப் புதிது அல்ல. வைத்தியத் தொழிலில் அதைக் கையாண்டு பழக்கம் இருந்தது. 1887-ம் ஆண்டு அக்டோபர் மாதம், வீட்டு முற்றத்தில் வேலையைத் தொடங்கினார். வட்டமான ஒரு மரப் பலகையை எடுத்துக்கொண்டார். மெல்லிய ரப்பர் தாளை ஒட்டிக் குழாய் ஆக்கினார். அதைப் பலகையின் விளிம்பைச் சுற்றி வைத்து, மேலே துணியைப் போர்த்தி ஆணி அடித்தார். அந்தத் துணி வீட்டு அம்மாளின் பழைய உடையிலிருந்து கிழித்தது என்றும் சொல்வார்கள். பந்துக்குக் காற்று அடிக்கும் பம்பினால் குழாயில் காற்றை நிரப்பினார். காற்று வெளியேறாமல் வாயைக் கட்டினார்.

டயர் தயார்!

ஜானியின் சைக்கிளிலிருந்து ஒரு சக்கரத்தைக் கழற்றி, முதலில் அதை முற்றத்தில் உருட்டிவிட்டார். கொஞ்ச தூரம் ஓடிச் சாய்ந்தது. அடுத்து, காற்றுச் சக்கரத்தை உருட்டினார். அது முற்றம் முழுவதையும் கடந்து ஓடியது. வாசல் கம்பத்தில் மோதித் துள்ளித் திரும்பியது!

டன்லப்புக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை. மூன்று சக்கரச் சைக்கிளின் பின்சக்கரங்கள் இரண்டுக்கும் காற்று டயர் செய்து மாட்டினார். 1888-ம் ஆண்டின் தொடக்கத்தில் ஒரு நிலாக் காலத்து இரவில், ஜானி அந்த வண்டியை ஓட்டிப் பார்க்கப் புறப்பட்டான். அன்று சந்திர கிரகணம் பிடித்து இருட்டிவிட்டதாகவும், பையன் வீடு திரும்பி, கிரகணம் விட்ட பிறகு மறுபடியும் கிளம்பியதாகவும் ஒரு கதை உண்டு. கிரகணம் விடும் வரை அந்தப் பையனுக்கு எப்படித்தான் பொழுது போயிற்றோ!

இடம் கொடுக்காத சைக்கிள்

அடுத்து, இரண்டு சக்கரச் சைக்கிளுக்கு டயர் செய்தார் டன்லப். பெல்பாஸ்டில் செர்ரிவேல் விளையாட்டு மைதானத்தில் ஓட்டிப் பார்த்தார்கள். முன்பு கண்டதைவிடப் பெரிய பலன் கிடைத்தது.

ஆனால், தொல்லையும் கூடவே வந்தது.

கெட்டி ரப்பர் டயர் ஒல்லியானது. அதற்கு ஏற்றாற்போலத்தான் சைக்கிள்களைக் கட்டியிருந்தார்கள். சக்கரத்தைக் கவ்விப் பிடிக்கும் போர்க்கின் இரண்டு கால்களும் நெருக்கமாக இருக்கும். காற்று டயரோ உருண்டு திரண்டது. அந்த இடுக்குக்குள் அது எப்படி அடங்கும்? பக்கத்தில் உரசும், மேலே இடிக்கும்.

டயரை ஒல்லியாக்கினால் அதன் பயன் போய்விடும். ஆகவே, சைக்கிள்தான் விட்டுக்கொடுக்க வேண்டும். பெல்பாஸ்டில் எட்லின் என்பவரின் சைக்கிள் பட்டறை இருந்தது. அகலமான போர்க்கு வைத்த புதிய சைக்கிள்களை அங்கே கட்டினார்கள். காற்று டயர் போட்ட சைக்கிள்கள் விலைக்கு வந்தன. டன்லப் செய்த கண்டுபிடிப்புக்கு 1888-ம் ஆண்டு டிசம்பர் 7-ந் தேதி அரசாங்கத்தின் காப்புரிமை கிடைத்தது.

ஊரார் சிரித்தார்கள். சக்கரத்தில் மலைப்பாம்பைச் சுற்றியதுபோல் இருந்தால் யார்தான் சிரிக்கமாட்டார்கள்?

வில்லி ஹியூம் என்ற சைக்கிள் வீரர் மட்டும் சிரிக்கவில்லை. அவர் பெல்பாஸ்டில் ஒரு சைக்கிள் சங்கத்தின் தலைவர். காற்று டயர் போட்ட சைக்கிளைப் பணம் கொடுத்து வாங்கிய முதல் ஆள் அவர்தான். அதைப் பந்தயத்தில் ஓட்டும்படி டன்லப் யோசனை சொன்னார்.

1889-ம் ஆண்டு மே 18-ந் தேதி. பெல்பாஸ்டில் குயின்ஸ் கல்லூரி விளையாட்டு விழா. ஹியூம் தடித்த டயர் சைக்கிளோடு களத்தில் இறங்கினார். சைக்கிள் பந்தயம் மொத்தம் நான்கு. நான்கிலும் அவருக்கே வெற்றி! சில நாட்களில் இங்கிலாந்து சென்று, லிவர்ப்பூல் நகரத்துப் பந்தயங்களிலும் ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றையும் வென்று வந்தார்.

சிரிப்பு அடங்கிவிட்டது.

தோற்றவர் வீட்டில் பிறந்த கம்பெனி

ஹியூமிடம் தோற்றுப்போனவர்களில் சிலர் அண்ணன் தம்பிகள். அவர்களின் தகப்பனார் ஹார்வி டு குரோ, டப்ளின் நகரத்து வியாபாரி. அயர்லாந்து சைக்கிள் சங்கத்துக்கே தலைவர். பிள்ளைகள் தோற்றுவிட்டார்களே என்று அவர் மூலையில் உட்காரவில்லை. அவர்களைத் தோற்கடித்த டயர் எது என்று விசாரித்தார். நேரே டன்லப்பைத் தேடிப் போனார்.

இருவரும் சேர்ந்து 1889-ல் டப்ளினில் கம்பெனி தொடங்கினார்கள். டன்லப்பின் காப்புரிமை கம்பெனிக்குப் போயிற்று. பணம் பண்ணத் தெரிந்தவர் டு குரோ. டயர் பண்ணத் தெரிந்தவர் டன்லப்.

எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது, தலையில் இடி விழுந்தது!

காப்புரிமை கொடுத்து இரண்டு ஆண்டுகள் ஆன பிறகு, அது செல்லாது என்று அறிவிப்பு வந்தது. காரணம், காற்றுச் சக்கரத்தை ஏற்கனவே ஒருவர் கண்டுபிடித்துவிட்டார்! அவர் பெயர் ராபர்ட் வில்லியம் தாம்சன். அவரும் ஸ்காட்லாந்துக்காரர். 1845-லேயே காப்புரிமை வாங்கியிருந்தார். அப்போது டன்லப் ஐந்து வயதுக் குழந்தை.

தாம்சன் செய்தது குதிரை வண்டிச் சக்கரத்துக்கு. உள்ளே ரப்பர் பூசிய துணிக் குழாய், வெளியே தோல் உறை. லண்டன் ரீஜன்ட் பூங்காவில் வண்டி ஓட்டிக் காட்டினார். ஒரே ஜோடி டயர்கள் 1,200 மைல் ஓடினவாம். ஆனாலும் விலை தாங்க முடியவில்லை. வாங்க ஆள் இல்லை. மறந்துபோனார்கள். 1873-ல் தாம்சன் இறந்தும் போனார்.

டன்லப் திருடவில்லை. தாம்சனைப் பற்றி அவருக்குத் தெரியவே தெரியாது. காலம்தான் இருவருக்கும் வித்தியாசம். தாம்சன் காற்றைக் கட்டியபோது, அதைத் தேடும் வண்டி பிறக்கவில்லை. டன்லப் கட்டியபோது, ஊரெல்லாம் சைக்கிள் பைத்தியம்!

சட்டத்துக்கு இந்த நியாயம் புரியாது. காற்று டயர் யார் வேண்டுமானாலும் செய்யலாம் என்று ஆகிவிட்டது.

ஒட்டிய டயரும் கழற்றும் டயரும்

கம்பெனி எப்படித் தப்பியது? பஞ்சர்தான் காப்பாற்றியது!

டன்லப் செய்த டயரில் ஒரு பெரிய குறை. அதைச் சக்கரத்தோடு ஒட்டிவிடுவார்கள். ஆணி குத்தினால் ஒட்டியதைப் பிரித்து, துணியை விலக்கி, குழாயை எடுத்து, அடைத்து, மறுபடி ஒட்டிக் காயவைக்க வேண்டும். பிரான்ஸ் நாட்டில் மிஷெலின் சகோதரர்களின் ரப்பர் தொழிற்சாலைக்கு, இப்படிப் பஞ்சர் ஆன சைக்கிளோடு ஒருவர் வந்தார். டயரைச் சரி செய்ய மூன்று மணி நேரம் ஆயிற்று. ஒட்டியது காய ஒரு ராத்திரி. மறுநாள் ஓட்டிப் பார்த்தார்கள். சிறிது தூரத்திலேயே மறுபடி பஞ்சர்! எளிதில் கழற்றக்கூடிய டயர் வேண்டும் என்று அவர்கள் அப்போதே முடிவு கட்டினார்கள். 1891-ல் அதைச் செய்தும் விட்டார்கள். அந்த டயரைப் போட்டுக்கொண்டு சார்ல் டெர்ரோன் என்ற வீரர், பாரீசிலிருந்து பிரெஸ்ட் நகரம் போய்த் திரும்பும் சுமார் 1,200 கிலோமீட்டர் பந்தயத்தில் வென்றார்.

இங்கிலாந்திலும் இதே முயற்சி நடந்தது. 1890-ல் வெல்ச் என்பவர், டயரின் இரண்டு ஓரங்களிலும் கம்பி வைத்து, ரிம்மில் கச்சிதமாக உட்காரும்படி செய்தார். அதே ஆண்டில் பார்ட்லெட் என்பவர், ரிம்மின் விளிம்பைக் கவ்விக்கொள்ளும் டயர் செய்தார். டு குரோ இந்த இரண்டு காப்புரிமைகளையும் கம்பெனிக்கு வாங்கிப் போட்டார். கம்பெனி நிமிர்ந்தது.

இன்று நம் வீட்டுச் சைக்கிளில் இருப்பது வெல்ச்சின் வழியில் வந்த டயர்தான். தேய்ந்த டயரின் ஓரத்தில் துருத்திக்கொண்டு கையைக் கீறுகிறதே, அந்தக் கம்பிதான் இது. காற்று அடிக்கும் இடத்தில் சின்ன ரப்பர் வால் ட்யூப் போடுகிறோம் அல்லவா? அது வுட்ஸ் என்பவர் கண்ட ஏற்பாடு. இப்படிப் பலருடைய மூளை ஒரே சக்கரத்தில் சுற்றுகிறது.

பிரேக் இடம் மாறியது

டயர் மாறியது. போர்க்கு மாறியது. அடுத்து, பிரேக்கின் முறை.

பழைய சைக்கிளில் பிரேக் மிகவும் எளிது. கைப்பிடியை அழுத்தினால், ஒரு கம்பி கீழே இறங்கும். கம்பியின் நுனியில் கரண்டிபோல் ஒரு கட்டை இருக்கும். அது முன்டயரின் தலைமேல் அழுந்தும். சக்கரம் நிற்கும். கெட்டி ரப்பர் இதைத் தாங்கிக்கொண்டது.

காற்று டயரை இப்படித் தேய்த்தால்? தேய்ந்து மெலியும். கட்டைக்கு அடியில் ஒரு கல் சிக்கினால் கிழிந்தே போகும். அதனால் பிரேக்கை டயரிலிருந்து நகர்த்தி, ரிம்முக்குக் கொண்டுபோனார்கள். நம் நாட்டில் பால்காரர் முதல் தபால்காரர் வரை ஓட்டிய கம்பி பிரேக் சைக்கிளில், கட்டைகள் ரிம்மின் உள்பக்கத்தை மேலே இழுத்துப் பிடிக்கும். இப்போது பரவலாக இருக்கும் கேபிள் பிரேக்கில், இரண்டு கட்டைகளும் ரிம்மை இடுக்கிபோல் பக்கவாட்டில் கவ்வும்.

டயருக்குப் பாதுகாப்பு வந்தது. ஆனால், கட்டைக்கும் ரிம்முக்கும் நடுவே இருப்பது நூலளவு இடம். சக்கரம் துளி நகர்ந்தாலும் உரசல்தான். டயரை மாற்றும்போது சக்கரத்தைக் கழற்றாமல் முடியுமா? கழற்றினால் பழைய இடத்திலேயே அது வந்து உட்காருமா?

உரசலுக்கு வைத்தியம்

நல்ல வைத்தியர் முதலில் நோய் எங்கே என்று பார்ப்பார். சைக்கிளுக்கும் அதுவே முறை. உரசல் கேட்டதும் பிரேக்கைத் திருகுபவர்கள் பலர். பெரும்பாலும் குற்றம் பிரேக்கில் இருக்காது. சக்கரம் கோணலாக உட்கார்ந்திருக்கும்.

சைக்கிளைத் தரையில் நேராக நிறுத்துங்கள். அச்சின் இரண்டு பக்க நட்டுகளையும் தளர்த்துங்கள். முன்சக்கரமானால், கைப்பிடியைக் கீழே அமுக்கி, அச்சு போர்க்கின் பள்ளத்தில் இரு பக்கமும் முழுவதும் ஏறி உட்காரும்படி செய்யுங்கள். போர்க்கின் இரண்டு கால்களுக்கும் நடுவில் சக்கரம் சரியாக நிற்கிறதா என்று பார்த்து, நட்டுகளை மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்குங்கள். ஒரே பக்கத்தை ஒரே மூச்சில் முறுக்கினால், சக்கரம் அந்தப் பக்கம் இழுத்துக்கொள்ளும். பாதி உரசல்கள் இதிலேயே தீர்ந்துவிடும்.

கம்பி பிரேக் சைக்கிளின் பின்சக்கரத்தில் ஒரு சூட்சுமம் உண்டு. செயின் தொய்வை எடுக்கச் சக்கரத்தைப் பின்னால் இழுப்போம். அப்போது ரிம்மும் பின்னால் வந்து, கட்டையை நெருங்கிவிடும். அங்கே சக்கரத்தைக் குறை சொல்லக் கூடாது. பிரேக் கம்பியில் உள்ள திருகைத் தளர்த்தி, கட்டைக்கு இடம் விட வேண்டும்.

இனிச் சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டுக் கவனியுங்கள். சுற்று முழுவதும் ஒரே பக்கம் உரசினால், பிரேக் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறது. கேபிள் பிரேக்கானால், அதைப் பிடித்திருக்கும் நட்டைத் தளர்த்தி, நடுவுக்குக் கொண்டுவந்து இறுக்கலாம். ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் மட்டும் உரசினால், ரிம்மில் கோட்டம். அதைப் போக்ஸ் கம்பிகளை முறுக்கித்தான் எடுக்க வேண்டும். அது கைப்பழக்கம் வேண்டிய வேலை. கடைக்காரரிடம் விட்டுவிடுவதே நல்லது.

ரிம் நேராகச் சுற்றுகிறது, டயர் மட்டும் நெளிகிறதா? டயர் சரியாக உட்காரவில்லை. டயரின் ஓரத்தில், ரிம்மை ஒட்டி ஒரு மெல்லிய கோடு சுற்றி வரும். அது சில இடத்தில் உள்ளே மறைந்தும், சில இடத்தில் வெளியே தெரிந்தும் இருந்தால், காற்றை இறக்கி, டயரைக் கையால் பிசைந்து உட்காரவைத்து, மறுபடி காற்று அடிக்க வேண்டும்.

பழையதைவிடத் தடித்த டயர் வாங்கிவிட்டீர்களா? காற்று அடித்த பிறகு அது கேபிள் பிரேக் கட்டைகளுக்கு நடுவே நுழையாது. காற்றில்லாமல் மாட்டிவிட்டு அடியுங்கள். அப்படியும் போர்க்கிலோ மட்கார்டிலோ இடித்தால், அந்த டயர் உங்கள் சைக்கிளுக்கு ஆகாது. எட்லினைப்போல் போர்க்கை மாற்றிக் கட்ட முடியாதே!

ஒன்று மட்டும் முக்கியம். கட்டை ரிம்மில்தான் படவேண்டும், டயரில் படக்கூடாது. ஓயாமல் டயரில் பட்டால், பக்கச் சுவரை அறுத்துவிடும். ஓட்டத்தில் டயர் வெடித்தால் ஆளையே கவிழ்க்கும். அதுபோல, உரசுகிறதே என்று பிரேக்கை அடியோடு தளர்த்திவிட்டு ஓட்டுகிறவர்களும் உண்டு. உரசல் போய்விடும், பிரேக்கும் போய்விடும். வேலை முடிந்ததும் இரண்டு பிரேக்கையும் பிடித்துப் பார்த்த பிறகே குழந்தைகளிடம் வண்டியைக் கொடுக்க வேண்டும்.

பெயர் நின்றது, ஆள் விலகினார்

டன்லப் 1892-ல் டப்ளினுக்குக் குடிபோனார். வைத்தியத் தொழிலை விட்டாயிற்று. ஆனால், கம்பெனி விவகாரங்கள் அவருக்கு ஒத்துவரவில்லை. டயர் செய்த நாட்களின் சந்தோஷம் கணக்குப் புத்தகங்களில் இல்லை. 1895-ல் விலகிக்கொண்டார்.

விலகிய மறு ஆண்டே கூத்து நடந்தது. ஹூலி என்ற லண்டன் பணமுதலை, கம்பெனியை 30 லட்சம் பவுன் கொடுத்து வாங்கினார். பெரிய பட்டக்காரர்களின் பெயர்களைச் சேர்த்து ஜோடித்து, அதையே 50 லட்சம் பவுனுக்குப் பொதுமக்களிடம் விற்றார்! இந்தப் பெரும் பணத்தில் டன்லப்புக்குப் பங்கு இல்லை. இரண்டு ஆண்டுகளில் ஹூலி திவாலானது வேறு கதை.

அப்போதுதான் கம்பெனிக்கு டன்லப் என்ற பெயர் முன்னால் வந்தது. ஆள் போன பிறகு பெயர் வந்தது! அதோடு விடவில்லை. உயரத் தொப்பி, கைத்தடி, மிடுக்கான உடுப்பு என்று ஒரு பகட்டான கிழவராக அவரை விளம்பரப் படங்களில் வரைந்தார்கள். எளிமையாக வாழ்ந்த மனிதர் அவர். இந்தக் கோலம் அவருக்குப் பிடிக்கவில்லை.

டப்ளினில் ஒரு ஜவுளி வியாபாரத்தில் பங்கு எடுத்துக்கொண்டு அமைதியாக வாழ்ந்தார். அவர் கண்ணெதிரே உலகம் ரப்பர் சக்கரத்துக்கு மாறியது. சைக்கிளில் தொடங்கிய டயர் மோட்டாருக்குப் போயிற்று. ரப்பருக்குக் கிராக்கி ஏறியது. மலேயாவில் காட்டை அழித்து ரப்பர் தோட்டம் போட்டார்கள். அங்கே விடியுமுன் எழுந்து பால்மரம் வெட்டப் போனவர்களில் பெரும்பாலோர், தமிழ்நாட்டிலிருந்து கப்பல் ஏறிய ஏழைகள். ஜானியின் முதுகு வலிக்கும் அவர்கள் பட்ட பாட்டுக்கும் இப்படி ஒரு தொடர்பு உண்டாகும் என்று டன்லப் கனவிலும் கண்டிருக்கமாட்டார்.

இன்னொரு தொடர்பு மனதுக்கு இதமானது. இரும்புப் பட்டை போட்ட கட்டை வண்டிக்குப் பதிலாக, நம் கிராமங்களில் டயர் வண்டி வந்தது. அதே பாரத்தை மாடுகள் சிரமமில்லாமல் இழுத்தன. வட நாட்டில் அந்த வண்டிக்கு டன்லப் வண்டி என்றே பெயர். குதிரைக்கும் மாட்டுக்கும் வைத்தியம் பார்த்தவருக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்குமா? அவர் பெயர் தாங்கிய டயர் தொழிற்சாலைகள், மேற்கு வங்கத்தில் சாகாகஞ்சிலும் சென்னையை அடுத்த அம்பத்தூரிலும் பல ஆண்டுகள் இயங்கின.

1921-ம் ஆண்டு அக்டோபர் 23-ந் தேதி டப்ளினில் டன்லப் காலமானார். டீன்ஸ் கிரேஞ்ச் இடுகாட்டில் அடக்கம் செய்தார்கள். காற்று டயரின் வரலாற்றை அவர் எழுதி வைத்திருந்தார். அவர் மறைந்த பிறகு, மகள் அதைப் புத்தகமாக வெளியிட்டார். பின்னாளில் வட அயர்லாந்தின் ஒரு பாங்கி வெளியிட்ட 10 பவுன் நோட்டில், தாடியோடு கூடிய அவர் படம் இடம்பெற்றது. தொப்பியும் கைத்தடியும் அதில் இல்லை.

அவர் கையால் செய்த ஆரம்ப காலத்து டயர் ஒன்று, எடின்பரோ நகரத்து அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 19 வயதில் மிருக வைத்தியம் படித்துத் தேறி அவர் வெளியே வந்தது அந்த நகரத்தில்தான்.